பெயர்ச்சி வரட்டும்

நெரவி,
16.11.2025

அன்புத் தம்பி கார்த்திக்கு,

அக்கா உமா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் அம்மாவும் அம்மாவின் மூன்று ஆடுகளும் சுகம். நீ எப்படி இருக்கிறாய், சோறு இறங்குகிறதா, கை நடுக்கம் குறைந்ததா என்று எழுது.

அஞ்சலகத்தில் இத்தனை வருடமாக ஊரார் கடிதங்களுக்கு முத்திரை குத்துகிறேன். நானே உட்கார்ந்து ஒரு கடிதம் எழுதி எவ்வளவோ காலமாகிவிட்டது. என் பெயருக்கு வருவதெல்லாம் வங்கி நோட்டீஸ்தான். உன்னைச் சேர்த்த மறுவாழ்வு மையத்தில் கைப்பேசி கூடாது, ஞாயிற்றுக்கிழமை கடிதம் எழுதலாம் என்று சொன்னபோது எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம். இன்லேண்டு கவர் ஒரு கட்டு எடுத்து வைத்துவிட்டேன். காசு கொடுத்துத்தான், சந்தேகப்படாதே.

நீ துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன் என்பதால் அம்மாவுக்கு ஒரு பொய் சுலபமாகக் கிடைத்துவிட்டது. கேட்கிறவர்களிடமெல்லாம், "புள்ளைக்குக் கம்பெனியில ட்ரெய்னிங், தஞ்சாவூர்ப் பக்கம்" என்கிறாள். ஊரும் நாகரிகமாகத் தலையாட்டிவிட்டு, அந்தப் பக்கம் போனதும் உனக்கு ஏன் குடி வந்தது என்று பேச ஆரம்பித்துவிடுகிறது. வீட்டுக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரைக்காலில் திரும்பின பக்கமெல்லாம் கடை, அதனால்தான் என்கிறார் உன் அத்தான். அவரும் இதே ஊரில்தான் நாற்பத்தைந்து வருடமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறார், காபியைத் தாண்டியதில்லை. காலாகாலத்தில் கால்கட்டு போடவில்லை என்கிறாள் சித்தி. துறைமுகத்து லாரிக்காரன் தங்கப்பனோடு சேர்ந்துதான் கெட்டான் என்பது தெருவின் தீர்ப்பு.

அம்மாவின் காரணம் உனக்கே தெரியும். மகர ராசி, ஏழரைச் சனி. போன மார்ச்சில் திருக்கணிதப் பஞ்சாங்கப்படி சனி பெயர்ந்துவிட்டார் என்று உன்னைத் திருநள்ளாற்றுக்கு இழுத்துப்போய் நளன் குளத்தில் முக்கியெடுத்து, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு வந்தாள். நீயும் சத்தியம் செய்து கடைப் பக்கம் போகாமல் கிடந்தாய். கையும் காலும் வெடவெடவென்று ஆடியபோது "சனி இறங்குது, இறங்குது" என்று கற்பூரம் ஏற்றினாள். பிறகு நீ பழைய கதைக்குத் திரும்பியதும் என்ன சொன்னாள்? "திருநள்ளாத்துக் கோயில்ல வாக்கியப் பஞ்சாங்கம்தான். அதுப்படி அடுத்த மார்ச்சுலதான் பெயர்ச்சி. நாமதான் அவசரப்பட்டுட்டோம்." ஒரு நோய்க்கு இரண்டு பஞ்சாங்கம் பார்த்துக் காத்திருக்க நம் வீட்டால்தான் முடியும்.

அந்த இரண்டாவது தவணைக்கு நான் ஒத்துக்கொள்ளவில்லை. உன் கல்லீரலும் ஒத்துக்கொள்ளாது என்று டாக்டர் நம் இருவருக்கும் முன்னால்தானே சொன்னார். அதனால்தான் இழுத்துக்கொண்டு வந்து சேர்த்தேன். அம்மா இன்னும் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. இட்லி மாவு மட்டும் கொடுத்தனுப்புகிறாள்.

நான்கு மாதம்தான். பாதியில் ஓடி வராதே. பதில் போடு, என் பெயருக்கும் ஒரு கடிதம் வரட்டும்.

பாசத்துடன்,
அக்கா உமாமகேஸ்வரி


மையம், தஞ்சாவூர் அருகே,
30.11.2025

அன்புள்ள அக்காவுக்கு,

கார்த்தி எழுதிக்கொள்வது. உயிரோடு இருக்கிறேன், பசிக்கிறது. அத்தானுக்கு என் வணக்கம். ஆடுகளுக்கும் சொல்.

கை நடுக்கம் நின்றுவிட்டது. இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும், பள்ளிக்கூடத்தில்கூட இவ்வளவு அழகாக எழுதியதில்லை. அந்த நடுக்கத்தைப் பற்றி டாக்டரிடம் சொன்னேன். கற்பூரம் வரைக்கும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. உடம்பு சாராயத்துக்குப் பழகிய பிறகு ஒரேயடியாக நிறுத்தினால் அப்படித்தான் ஆடுமாம். சிலருக்கு வலிப்பு வந்து உயிரே போய்விடுமாம். ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்துத்தான் நிறுத்த வேண்டுமாம். அன்றைக்கு இறங்கியது சனி இல்லை என்று அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

இங்கேயும் ஆளுக்கு ஒரு காரணம் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒருவருக்குப் பெண்டாட்டியால் வந்தது, அடுத்தவருக்குப் பெண்டாட்டி இல்லாததால் வந்தது. பக்கத்துக் கட்டில் சேக் அலாவுதீன் பாய். நம் காரைக்கால்காரர், கப்பலில் சமையல் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டதில்லை. முதுகுவலிக்குக் கொடுத்த மாத்திரையை, வலி போன பிறகும் விட முடியவில்லை. மருந்துதானே என்று வீட்டில் யாரும் கண்டுகொள்ளவில்லை. "பாய், நீங்க என்ன ராசி?" என்று கேட்டேன். "நமக்கு ஏது தம்பி ராசியெல்லாம்" என்றார். ஜாதகமே இல்லாத மனிதரைச் சனி எப்படித் தேடிப் பிடித்தார் என்று நானும் யோசித்துப் பார்த்தேன். பாயைக் கேட்டதற்கு, "அது உங்க ஆளு, நீங்கதான் கேக்கணும்" என்கிறார்.

எங்களோடு உட்கார்ந்து பேசுகிறவர் அஃபீஃபா மேடம். அவரும் காரைக்கால்தான், என்னைவிட இளையவர். சிரித்தால் அடுத்த அறைக்குக் கேட்கும். "காரணம் ஒண்ணுதான்னு யாரு சொன்னது? உடம்பு வாகு இருக்கு, மனசுல கெடக்குற பாரம் இருக்கு, பழக்கம் இருக்கு, எட்டி நடந்தா கடை இருக்கு. எல்லாம் கலந்துதாங்க வருது. ஒண்ண மட்டும் புடிச்சுக்கிட்டா மத்ததெல்லாம் தப்பிச்சுடும்" என்றார்.

குடும்பத்தில் வேறு யாருக்காவது இந்தப் பழக்கம் உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். அப்பா மஞ்சள் காமாலையில்தானே போனார்? எனக்கு அப்போது ஆறு வயது, உனக்குப் பதினான்கு. உனக்கு நினைவிருக்கும். அம்மாவையும் கேட்டு எழுது.

உன் தம்பி,
கார்த்திகேசன்


நெரவி,
14.12.2025

அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. நானே முத்திரை குத்தி, நானே பட்டுவாடா செய்து, நானே வாங்கிக்கொண்டேன். நாங்கள் எல்லோரும் நலம். மழைதான் விடவில்லை. சம்பா வயலில் தண்ணீர் நிற்கிறது, வடிகால் வெட்டப் போன உன் அத்தான் சேற்றில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு இன்னொன்றைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு வந்தார்.

தங்கப்பன் அஞ்சலகத்துக்கு வந்திருந்தான். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவன் பாட்டுக்கு நின்றான். "அக்கா, நீங்க திட்டுறதா இருந்தா திட்டிக்குங்க. அவனுக்கு ஒடம்பு எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க" என்றான். எனக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. நீதானே கெடுத்தாய் என்று வாய்விட்டுக் கேட்டேவிட்டேன். அதற்கு அவன், "நான் குடிச்சா வாந்தி வரும்க்கா, அதனால தொடுறதே இல்ல. அவன் எங்கயாவது விழுந்து கெடப்பான், வண்டியில ஏத்திக்கிட்டு வந்து எறக்குவேன். அதத்தான் தெருவுல பாத்திருக்காங்க" என்றான். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இத்தனை நாள் உன்னைப் பத்திரமாக வீடு சேர்த்தவனைத்தான் நாங்கள் எல்லோரும் சேர்ந்து வைதிருக்கிறோம். உட்கார வைத்துத் தேநீர் வாங்கிக் கொடுத்தேன். உன் பக்கத்துக் கட்டில் பாயைப் பற்றியும் சொன்னேன், வயிறு குலுங்கச் சிரித்தான்.

அம்மாவிடம் நடுக்கத்தைப் பற்றிப் பக்குவமாகச் சொன்னேன். "டாக்டருக்கு என்ன தெரியும், அவரு என்ன ராசியோ" என்றாள். ஆனாலும் சாயந்திரம் வந்து, வலிப்பு வருமா என்று இரண்டு தடவை கேட்டாள்.

காய்கறி ஒதுக்காமல் சாப்பிடு. பொங்கலுக்கு விடுவார்கள்தானே? உனக்குச் சட்டை எடுத்து வைத்திருக்கிறேன். என்ன நிறம் என்று சொல்லமாட்டேன்.

பாசத்துடன்,
அக்கா


மையம்,
28.12.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். தங்கப்பனுக்குத் தேநீர் வாங்கிக் கொடுத்ததற்கு நன்றி. அவனுக்கு இரண்டு சர்க்கரை வேண்டும், அடுத்த தடவை நினைவில் வை.

பொங்கலுக்கு வருகிறேன். அதற்கு முன்னால் ஒரு விஷயம். உன் கடிதத்தில் செருப்பு இருக்கிறது, சட்டை இருக்கிறது, மழை இருக்கிறது. அப்பா இல்லை. கேட்டதை மறந்துவிட்டாயோ என்று திருப்பிக் கேட்கிறேன். நேரில் வரும்போது சொன்னாலும் சரி.

அன்புடன்,
கார்த்தி


நெரவி,
25.1.2026

அன்புத் தம்பிக்கு,

ஊர் போய்ச் சேர்ந்ததும் எழுதுகிறேன் என்றாய். எழுதவில்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? மையத்துக்குத் தொலைபேசியில் கேட்டேன். "இருக்காரு, நல்லா இருக்காரு, அவரே எழுதுவாரு" என்கிறார்கள். அவர்கள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

பொங்கல் நன்றாக இருந்தது, இல்லையா? எத்தனை வருடம் கழித்து நீ பொங்கலன்று முழுப் பொழுதும் எங்களோடு இருந்தாய். அந்த மஞ்சள் சட்டையில் உன்னைப் பார்த்துவிட்டு அத்தான் எலுமிச்சம்பழச் சாதம் நடந்து வருகிறது என்றாரே, நீ கோபப்படாமல் சிரித்தாயே, அதை நினைத்து நினைத்துச் சந்தோஷப்படுகிறேன்.

அப்பாவைப் பற்றி நீ கேட்டபோது அம்மா பால் பொங்கப்போகிறது என்று எழுந்து ஓடினாள். அடுப்பே பற்றவைக்கவில்லை. நீ என்னைப் பார்த்தாய். நான் கரும்பைப் பார்த்தேன். அதற்காகத்தான் கோபமா? கோபமென்றாலும் எழுது. திட்டியாவது எழுது.

அக்கா


மையம்,
1.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

எப்படி இருக்கிறாய் என்று கேட்டுவிட்டு ஆரம்பிக்கலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். அதற்கு அடுத்த வரி வரவில்லை.

குடித்துவிட்டேன். நீ பேருந்து நிலையத்தில் விட்டுவிட்டுப் போன பிறகு. தஞ்சாவூர் வண்டிக்கு நேரம் இருந்தது. யாரும் கூப்பிடவில்லை, தங்கப்பன் பக்கத்திலேயே இல்லை. மனசில் கவலைகூட இல்லை அக்கா, சந்தோஷமாகத்தான் இருந்தேன். கால் பாட்டுக்குப் போயிற்று. குடித்துவிட்டு அடுத்த வண்டியில் வந்து வாசலிலேயே அஃபீஃபா மேடத்திடம் சொல்லிவிட்டேன். அவர் சிரிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. "நீங்களே வந்து சொன்னீங்கல்ல, அது போதும். வழுக்கி விழுறது இந்த நோயோட சுபாவம். இவ்வளவு நாளும் வீணாப் போச்சுன்னு மட்டும் நெனைக்காதீங்க" என்றார். ஆனால் நான் அப்படித்தான் நினைக்கிறேன். அந்த மஞ்சள் சட்டையைப் பெட்டிக்கு அடியில் போட்டுவிட்டேன். உன் முகத்தில் விழிக்க எனக்குத் தைரியம் இல்லை.

கார்த்தி


நெரவி,
8.2.2026

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு உன்மேல் எனக்கு வந்த கோபத்தை அப்படியே எழுதினால் அஞ்சல் துறை இந்தக் கவரை ஏற்காது. முதலில் ஒன்று எழுதினேன், கிழித்துவிட்டேன். "எல்லோரையும் ஏமாற்றிவிட்டாய், உனக்கெல்லாம் மனசில் உறுதியே கிடையாது" என்று இருந்தது. இரண்டாவது எழுத உட்கார்ந்தபோதுதான் தோன்றியது: உறுதியில்லாதவன் வாசலிலேயே போய் ஏன் சொல்லப்போகிறான்? வாயைக் கழுவிவிட்டுப் படுத்திருக்கலாமே. அதனால் இது மூன்றாவது கடிதம். கோபம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. சட்டையை எடுத்துத் துவைத்துப் போட்டுக்கொள், அது என் சம்பளத்தில் எடுத்தது.

அம்மாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. அழுவாள் என்று பயந்தேன். அவளுக்கு ஏறக்குறைய சந்தோஷம். "பாத்தியா, நான் சொன்னேன்ல, சனி இன்னும் போகல" என்று எழுந்து நின்றுவிட்டாள். மார்ச் ஆறாம் தேதி பெயர்ச்சி. அதற்கு முன்னால் உன்னை அங்கிருந்து கூட்டிவந்துவிட வேண்டும், குளித்து வேட்டியை மாற்றினால் எல்லாம் முடிந்தது, அப்புறம் அந்த மையமும் வேண்டாம் மாத்திரையும் வேண்டாம் என்கிறாள். உன்னைக் கூட்டிவரத் தங்கப்பனையே ஏற்பாடு செய்துவிட்டாள். வைத வாயால் அவனைத் தம்பி என்று கூப்பிடுகிறாள்.

வராதே கார்த்தி. கும்பிடுவதற்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம், நானே கூட வருகிறேன். வைத்தியத்தைப் பாதியில் விட்டுவிட்டு வராதே.

அக்கா


மையம்,
15.2.2026

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ மூன்றாவதாக எழுதிய கடிதத்தை அனுப்பியதற்கு நன்றி. சட்டையைத் துவைத்துவிட்டேன், சாயம் போய்ப் பாயின் வெள்ளைக் கைலி மஞ்சளாகிவிட்டது.

பெயர்ச்சிக்கு வருகிறேன் அக்கா. அன்றைக்குத்தான் இங்கே குடும்பக் கூட்டம். வீட்டார் வந்து எல்லோருக்கும் முன்னால் பேச வேண்டும். யாரும் வராவிட்டால் என்ன, நான்தான் இருக்கப்போவதில்லையே.

உன்னிடம் மறைக்காமல் சொல்கிறேன். பேருந்து நிலையத்தில் நடந்த பிறகு, சனிதான் காரணம் என்று அம்மா சொல்வது எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருக்கிறது தெரியுமா? சனி என்றால் குற்றம் என் மேல் இல்லை. அவர் போய்விட்டால் நோயும் இல்லை. நோய் இல்லையென்றால் அப்புறம் ஒரு கல்யாணம் காட்சி என்று வந்தால், சனிதான் போய்விட்டாரே, இனிமேல் நான் அளவாகக் குடித்தால் ஒன்றும் பண்ணாது. இப்படி யோசித்துக்கொண்டே படுத்திருக்கிறேன். பயமாகவும் இருக்கிறது, இனிக்கவும் செய்கிறது. என்னைத் தடுக்காதே.

உன் தம்பி,
கார்த்தி


நெரவி,
22.2.2026

அன்புத் தம்பிக்கு,

இங்கே நலம். இன்று நீளமாக எழுதப்போவதில்லை.

உன் கடிதத்தை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தொடக்கத்தில் தலையாட்டிக்கொண்டே கேட்டாள். "இனிமேல் நான் அளவாகக் குடித்தால் ஒன்றும் பண்ணாது" என்ற இடம் வந்ததும் இன்னொரு தடவை வாசி என்றாள். வாசித்தேன். எழுந்து போய்விட்டாள். அதன்பிறகு பெயர்ச்சியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. ஆட்டுக்குத் தழை போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள்.

அப்பாவைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருக்கிறாய். அதைப் பேசமாட்டேன் என்று பதினான்கு வயதில் அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன். அது அவள் சொல்ல வேண்டியது. மஞ்சள் காமாலை என்பது உண்மை. ஆனால் அது தானாக வரவில்லை. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது.

பெயர்ச்சிக் கூட்டத்தால் எங்களுக்கு விடுப்பு கிடையாது, என்னால் அங்கே வர முடியாது. தங்கப்பன் வருவான். நீ அவனோடு கிளம்புவதா வேண்டாமா என்பது உன் கையில்தான் இருக்கிறது. கிளம்பிவிட்டால் நான் உன்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் செய்வேன், உள்ளே பயந்துகொண்டே.

அக்கா


மையம்,
8.3.2026

என் அன்பு அக்காவுக்கு,

நலமாக இருக்கிறேன். நிஜமாகவே. அம்மா உன்னிடம் எவ்வளவு சொன்னாளோ தெரியாது. நடந்ததை நான் எழுதிவிடுகிறேன்.

காலையில் பையைக் கட்டி வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். தங்கப்பன் வந்தான். அவன் பின்னால் அம்மா. ஊர் உலகமே திருநள்ளாற்றுக்குப் போகிற நாளில் அம்மா எதிர்த்திசைப் பேருந்தில் வந்திருக்கிறாள். "வண்டி காலியா வந்துச்சுடா, கால நீட்டி ஒக்காந்துகிட்டு வந்தேன்" என்றாள். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். பையை வாங்கித் தங்கப்பனிடம் கொடுத்துவிட்டு, "கூட்டம் எங்க நடக்குது?" என்று கேட்டாள்.

கூடம் நிறைய ஆட்கள். அஃபீஃபா மேடம் யார் முதலில் பேசுகிறீர்கள் என்று கேட்டு முடிப்பதற்குள் அம்மா எழுந்துவிட்டாள். ரேஷன் கடையில்கூட அம்மா இவ்வளவு வேகமாக முன்னால் போய் நான் பார்த்ததில்லை.

"எம்பேரு பங்கஜவல்லிங்க. எம்புருஷன் குஞ்சிதபாதம் மஞ்சக் காமாலையில போயிட்டாருன்னு ஊருக்குச் சொன்னேன். இவன்கிட்டயும் அதான் சொன்னேன். குடிதாங்க. அவருக்கும் ஏழரைன்னாங்க. பெரியவங்கல்லாம் பெயர்ச்சி வரட்டும், பெயர்ச்சி வரட்டும்னாங்க. அதுவும் வந்துச்சு. கொளத்துல முழுகிட்டுப் புது வேட்டியக் கட்டிக்கிட்டு என்னப் பாத்துச் சிரிக்கிறாரு. 'பங்கஜம், சனி போயிட்டாரு. இனிமே நான் அளவா குடிச்சா ஒண்ணும் பண்ணாது'ன்னாரு. அங்கேருந்து நேரா கடைக்குத்தாங்க போனாரு. புது வேட்டியோட."

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அம்மாவும் சிரித்தாள். பிறகு என்னைக் காட்டிச் சொன்னாள்: "இவன் எழுதுன கடுதாசிய எம்பொண்ணு படிச்சா. அதே வார்த்தைங்க. அவரு பேசுனது இவனுக்குத் தெரியாது, சின்னப் புள்ள. அப்புறம் எப்படிங்க அப்படியே வருது? சனியா வந்து சொல்லிக் குடுத்தாரு? அந்த நோய்தாங்க பேசுது. அப்ப அவரு வாயால பேசுச்சு, இப்ப இவன் வாயால பேசுது. எனக்குக் கொரலு தெரியுது."

நான் அழுதேன் அக்கா, சொல்வதற்கு வெட்கமில்லை. இவ்வளவு நாளும் ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன். "அப்பன் போன வழின்னு நீ அப்படியே ஒக்காந்துடுவியோன்னு பயம்" என்றாள். எனக்கும் அதே பயம்தான் வந்தது. அப்படியானால் இது ரத்தத்திலேயே இருக்கிறதா, விதிதானா என்று மேடத்திடம் கேட்டேன். "உங்க அக்காவுக்கும் அதே ரத்தம்தானே? அப்பாவுக்கு இருந்தா புள்ளைக்கு வர வாய்ப்பு கூடுதல், அவ்வளவுதாங்க. விதியெல்லாம் இல்ல. இது மொதல் நாளே தெரிஞ்சிருந்தா எனக்கு வேலை கொஞ்சம் சுலபமா இருந்திருக்கும்" என்று சொல்லிவிட்டுப் பழையபடி பெரிதாகச் சிரித்தார்.

பெயர்ச்சி நேரம் எப்போது வந்தது எப்போது போனது என்று எங்களில் யாருக்கும் தெரியாது. பையைப் பிரித்துவிட்டேன். நான்கு மாதம் முடிந்த பிறகும் இன்னும் கொஞ்ச நாள் இருக்கிறேன் என்று நானே கேட்டிருக்கிறேன். அதற்கப்புறமும் மாதாமாதம் வந்து போக வேண்டும். ஒரேயடியாகத் தீர்ந்துவிடும் என்று இங்கே யாரும் சொல்லவில்லை. அதனாலேயே எனக்கு இவர்கள் மேல் நம்பிக்கை வருகிறது.

அத்தானுக்கு வணக்கம். உன்னை அந்த வாக்கிலிருந்து அம்மா விடுவித்துவிட்டாள். அப்பா நன்றாகப் பாடுவார் என்று தங்கப்பனிடம் சொல்லியிருக்கிறாள். இதையெல்லாம் எனக்கு எழுது.

உன் தம்பி,
கார்த்திகேசன்


நெரவி,
13.3.2026

அன்பு மகன் கார்த்திகேசனுக்கு,

அம்மா எழுதுவது. நான் சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். கையெழுத்து கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். உமா எழுதித் தருகிறேன் என்றாள், நான் விடவில்லை.

நாளைக்குச் சனிக்கிழமை, திருநள்ளாறு போகிறேன். வேண்டுதலுக்கு இல்லை. அவரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். உன் அப்பா காலத்திலிருந்து அவர் பாவம், செய்யாத குற்றத்துக்கு நம் வீட்டுப் பழியைச் சுமந்துகொண்டிருக்கிறார். ஒரு எள் விளக்கு போட்டு, உங்கள்மேல் தப்பில்லை சாமி என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன்.

ட்ரெய்னிங் என்று சொல்வதை நிறுத்திவிட்டேன். நேற்று பால் சொசைட்டியில் கேட்டார்கள். என் மகனுக்குக் குடி நோய், வைத்தியம் பார்த்துக்கொள்கிறான் என்றேன். எல்லோரும் பாலை அளக்காமல் என்னைப் பார்த்தார்கள். சாயந்திரம் மேலத்தெருவிலிருந்து இரண்டு பேர் தனித்தனியாக வந்து, எந்த ஊர், எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு போனார்கள். ஒருத்தி வந்தது மற்றவளுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

நீ வீட்டுக்கு வர அவசரப்படாதே. மறுபடி வழுக்கினாலும் மறைக்காதே. எனக்குச் சொல், நான் வைதுகொண்டே வருவேன். உன் அப்பாவுக்கு இருந்தது ஒரு நோய் என்று எனக்கு அப்போது யாரும் சொல்லவில்லை. அவருக்காக நான் காத்திருந்தேன் கார்த்தி, காத்திருந்தது மட்டும்தான் செய்தேன். உனக்கு அப்படிக் காத்திருக்க மாட்டேன். அடுத்த கூட்டத்துக்கும் வருகிறேன், முன்வரிசையில் எனக்கு ஓர் இடம் போட்டு வை.

இப்படிக்கு,
உன் அம்மா பங்கஜவல்லி